தீப்தி சர்மாவின் பேட்டிங் வேகத்தை இன்னும் எத்தனை நாள் பேசுவோம்?

சேப்பாக்கம்_ஜே_ஸ்டாண்ட்
28 நவம்பர் 2025, காலை 7:40

நேத்து டபிள்யூபிஎல் (பெண்கள் பிரீமியர் லீக்) ஏலம் பார்த்தீங்களா? உலகக் கோப்பை முடிஞ்சு இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அதுல தொடர் நாயகி விருது வாங்கின தீப்தியை யுபி வாரியர்ஸ் தக்கவைக்காம ஏலத்துல விட்டாங்க. 50 லட்சம் அடிப்படை விலைக்கு டெல்லி மட்டும் கை தூக்குது, வேற எந்த டேபிளும் அசையல. பழைய அணியே ஏல விலைக்குத் திரும்ப எடுத்துக்கிற ஆர்டிஎம் கார்டை யுபி எடுத்ததும் டெல்லி ஒரே தாவா 3.2 கோடிக்கு ஏத்திவிட்டுச்சு, யுபியும் சரின்னு வாங்கிக்கிட்டாங்க. நேத்து ஏலத்துலயே பெரிய விலை அதுதான், அதுல குறை இல்ல. ஆனா அந்த முதல் பத்து இருபது செகண்ட் அமைதி இருக்கே, அதைப் பத்தித்தான் இந்த இழை.

நவி மும்பை ஃபைனல்ல 58 ரன், அப்புறம் 39 ரன் கொடுத்து 5 விக்கெட் (5/39). உலகக் கோப்பை ஃபைனல்ல அரைசதமும் அஞ்சு விக்கெட்டும் ஒரே ஆள் எடுத்தது ஆண், பெண் ரெண்டு பக்கமும் இதுதான் முதல் தடவை. தொடர் முழுக்க 215 ரன், 22 விக்கெட். ஒரே உலகக் கோப்பையில 200 ரன், 20 விக்கெட் வேற யாரும் எடுத்ததில்லை. இதுக்கப்புறமும் நம்ம ஊர் டீக்கடையில தீப்தின்னாலே “நல்ல ப்ளேயர்தான், ஆனா கட்டை போடுவாங்க”ன்னுதான் பேச்சு ஆரம்பிக்குது.

என் கட்சி இதுதான்: நம்மகிட்ட இருக்கிற அளவுகோல் எல்லாம் பேட்டருக்குன்னோ பௌலருக்குன்னோ செஞ்சது. அதை வெச்சு அளந்தா தீப்தி ரெண்டுலயும் ஒரு விரக்கடை குறைவாத்தான் தெரிவாங்க. எதிர்க்கட்சிக்காரங்க வரலாம்.

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, காலை 8:15

வந்துட்டேன் தலைவா.

உலகக் கோப்பை ஆட்டத்தை யாரும் குறை சொல்லல. ஆனா ஒரு தொடரை வெச்சு பதினோரு வருஷக் கணக்கை அழிக்க முடியாது. டி20ல அவங்க ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தனை ரன்) நூறுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஏலத்துல கை தூக்குறவங்க அதைப் பார்க்காம வேற எதைப் பார்ப்பாங்க?

ஒருநாள் ஆட்டத்துக்கே வருவோம். 30 டிசம்பர் 2023, வான்கடே, ஆஸ்திரேலியா. பந்துவீச்சுல 5/38, அற்புதம். அதே ஆட்டத்துல 259 துரத்தும்போது ரிச்சா கோஷ் 96 அடிச்சுக் கொடுத்துட்டுப் போறாங்க. தீப்தி 36 பந்துல 24 நாட் அவுட். நாம தோத்தது 3 ரன்ல. இந்த உலகக் கோப்பையிலயே இந்தூர்ல இங்கிலாந்துக்கு எதிரா 57 பந்துல 50, கடைசியில 4 ரன்ல தோல்வி. ரெண்டு தடவையும் கடைசி ஓவர்கள்ல கிரீஸ்ல ஒரு அடிக்கிற ஆள் இருந்திருந்தா கதையே வேற.

ஸ்கோர்புக்_சீனு
28 நவம்பர் 2025, காலை 9:02

கூக்ளி சார், இந்தூர்ல அவங்க 4/51 எடுக்கலேன்னா நாம துரத்தியிருக்க வேண்டியது 288க்கு மேல எங்கேயோ போயிருக்கும். வான்கடே கதையும் அதேதான். நீங்க சொன்ன ரெண்டு ஆட்டத்துலயும் இந்தியா ஜெயிக்கிற தூரத்துல வந்து நின்னதுக்கே காரணம் அவங்க பௌலிங். கடைசியில கிரீஸ்ல நின்ன ஆள் மேலேயே பழியும் விழுது.

புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் பழைய ஏடு. 2014 நவம்பர்ல பெங்களூருவுல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா அறிமுகம், அப்போ வயசு 17. 2016ல ராஞ்சியில இலங்கைக்கு எதிரா 6/20. 2017 மே மாசம் பாட்செஃப்ஸ்ட்ரூம்ல அயர்லாந்துக்கு எதிரா 160 பந்துல 188. பூனம் ராவத்தோட சேர்ந்து தொடக்க ஜோடிக்கு 320. பெண்கள் ஒருநாள் ஆட்டத்துல 300 தாண்டின முதல் ஜோடி அதுதான். அன்னைக்குத் தேதியில ஆண்கள் பக்கம்கூடத் தொடக்க ஜோடிக்கு அதிகபட்சம் 286தான், 2006ல லீட்ஸ்ல ஜெயசூர்யாவும் தரங்காவும் போட்டது. ஒருநாள் போட்டியில இந்தியப் பெண்கள்ல தனிநபர் அதிகபட்சம் இன்னைக்கும் அந்த 188தான்.

ஆனா ஞாபகம் இருக்கிறது எது? ரெண்டு மாசம் கழிச்சு டெர்பியில ஹர்மன்ப்ரீத் அடிச்ச 171. அது உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே ஆஸ்திரேலியா, ஊரே டிவியில பார்த்தது. 188ஐ நான் ஸ்கோர்கார்டுல ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணித்தான் பார்த்தேன்.

பருத்தித்துறைக்காரன்
28 நவம்பர் 2025, காலை 9:30

சீனு அண்ணை, ராஞ்சிக் கதையை எங்களுக்கு ஏன் திரும்பவும் ஞாபகப்படுத்துறியள் 😀

நாங்கள் எதிர்ப்பக்கத்தில இருந்து பார்க்கிற இலங்கை ஆக்கள். எங்களுக்கு ஸ்மிருதியும் ஹர்மன்ப்ரீத்தும் பயம்தான், ஆனால் அவையள் ஆட்டமிழந்தால் அந்தப் பயம் அதோட முடிஞ்சுது. தீப்தி அப்பிடி இல்லை. துடுப்பாட்டத்தில ஒண்டும் செய்யாமல் போனாலும் பிறகு பத்துப் பந்துப் பரிமாற்றம் (ஓவர்) மிச்சம் கிடக்கும். இந்த உலகக் கிண்ணத்தின்ர முதல் ஆட்டம் குவாஹாட்டியில. எங்கட பிள்ளைகள் ஒரு கட்டத்தில நல்லா நெருக்கிப் பிடிச்சவை. பிறகு என்ன, தீப்தி 53 ஓட்டம், அதுக்குப் பிறகு மூண்டு இலக்கு (விக்கெட்).

எங்களுக்கு ஒரேயொரு சந்தோசம் 2024 ஆசியக் கிண்ண இறுதியாட்டம், தம்புள்ளை. அதிலயும் 61 அடிச்ச எங்கட தலைவி சமரியை போல்ட் ஆக்கினது ஆரெண்டு பாருங்கோ. நாங்கள் வெண்டதால அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, காலை 9:48

பௌலிங்கைப் பத்தி யாருமே குறை சொல்லலையே! நான் கேக்கிறது பேட்டிங். பௌலரா எடுத்துக்கிட்டு ஏழாவதா எட்டாவதா இறக்குங்க, எனக்கு ஒரு வம்பும் இல்ல.

நெல்லை_ஆஃப்ஸ்பின்
28 நவம்பர் 2025, மதியம் 12:20

பேட்டிங்கை நீங்க அடிச்சுப் பேசிக்கிடுங்க. நான் பௌலிங் பத்தி மட்டும் சொல்லுதேன். மாவட்ட லீக்ல கொஞ்ச வருஷம் ஆஃப்ஸ்பின் போட்டவன்ங்கிற உரிமையில.

தீப்தி பந்தைப் பெருசா திருப்புற ஆளே கிடையாது. முதல் தடவை பாக்குறவன் “இதுல என்னல இருக்கு”ன்னுதான் நினைப்பான். இருக்கிறது மூணு விஷயம். ஒண்ணு, ஸ்டம்பை விட்டு வெளிய போட மாட்டாங்க. அடிக்கணும்னா பேட்டர்தான் ஒதுங்கி இடம் உண்டாக்கணும், ஒதுங்கினா ஸ்டம்பு தெரியும். ரெண்டு, திரும்பாம நேரா போற பந்தும் திரும்புற பந்தும் கையில இருந்து ஒண்ணு போலத்தான் வருது. மூணு, வேகம். ஒரு ஓவர்ல ஆறு பந்தும் ஒரே வேகத்துல வந்து நான் பாத்ததில்ல.

2019ல சூரத் டி20ய எடுத்துக்கிடுங்க, தென்னாப்பிரிக்காவோட. 4 ஓவர், 3 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 8 ரன், 3 விக்கெட். டி20ல மூணு மெய்டன்! 2023 டிசம்பர்ல டிஒய் பாட்டீல் டெஸ்ட், இங்கிலாந்து முதல் இன்னிங்ஸ்: 5.3 ஓவர், 4 மெய்டன், 7 ரன், 5 விக்கெட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 4/32. அதே ஆட்டத்துல பேட்டிங்ல 67. இந்தியா 347 ரன்ல ஜெயிச்சுது. பெண்கள் டெஸ்ட்ல ரன் வித்தியாசத்துல அதுதான் பெரிய வெற்றி.

இப்ப ஃபைனலுக்கு வாரேன். தென்னாப்பிரிக்கா கேப்டன் லாரா வுல்வார்ட் சதம் அடிச்சு நிக்காங்க. அந்தம்மா இருக்க வரைக்கும் கோப்பை அவங்க பக்கம் சாஞ்சுதான் கிடந்துச்சு. அதுக்கு முன்னாடி டெர்க்சன் சிக்ஸர் எல்லாம் அடிச்சு 35ல நிக்கும்போது தீப்தி போட்டது காலடிக்குள்ள விழுந்த பந்து. பேட் கீழ வாறதுக்குள்ள ஸ்டம்பு போச்சு. ஒரு ஆஃப்ஸ்பின்னர் யார்க்கர் போட்டு போல்ட் எடுக்கணும்னா எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு போட்டவனுக்குத்தான் தெரியும். கொஞ்சம் பிசகினா ஃபுல் டாஸ், அரங்கத்துக்கு வெளிய கிடக்கும். அப்புறம் வுல்வார்ட் 101ல தூக்கி அடிக்க, அமன்ஜோத் கையில பந்து பட்டு, நழுவி, திரும்பப் பட்டு, நழுவி, கடைசியில ஒத்தக்கையில நின்னுச்சு. எல்லாரும் அந்த கேட்சையே போட்டுப் போட்டுக் காட்டினாங்க. அதே ஓவர்ல க்ளோயி ட்ரையானை எல்பிடபிள்யூ எடுத்தாங்க பாத்தீங்களா? ஆட்டம் முடிஞ்சது அங்கதான். கேட்ச் கிடைச்ச சந்தோஷத்துல மிதக்காம அடுத்த பேட்டரை உள்ள வந்ததும் அமுக்கணும். அது எல்லாராலயும் ஆகாது.

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, மதியம் 1:05

நெஞ்சுரம்னு சொன்னதால கேக்குறேன். 27 மார்ச் 2022, கிறைஸ்ட்சர்ச். மறந்துட்டீங்களா?

ஸ்கோர்புக்_சீனு
28 நவம்பர் 2025, மதியம் 1:22

எப்படி மறக்கும்? ஜெயிச்சாத்தான் அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு கடைசி ஓவர்ல 7 ரன் வேணும். வேகப்பந்து வீசுற ஜூலன் காயத்தால அன்னைக்கு ஆடவே இல்ல, அதனால அந்த ஓவர் ஸ்பின்னரான தீப்தி கைக்கு வந்துச்சு. அஞ்சாவது பந்துல மிக்னான் டு ப்ரீஸ் தூக்கி அடிக்க, லாங் ஆன்ல ஹர்மன்ப்ரீத் பிடிச்சாங்க. எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடிக்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் பந்து போட்டவங்க கால் கோட்டைத் தாண்டிடுச்சு, நோ பால்னு வந்தது. கடைசிப் பந்துல தென்னாப்பிரிக்கா ஜெயிச்சுது, நம்ம இடத்துல வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்குப் போச்சு.

ஆனா ஒண்ணு. அதே எதிரணி, மூணு வருஷம் கழிச்சு ஃபைனல்ல பந்தை அவங்க கையிலதான் கொடுத்தாங்க. கடைசி விக்கெட்டும் அவங்களுக்குத்தான். டி கிளர்க் அடிச்ச பந்தைப் பின்னாடியே ஓடிப் பிடிச்சதும் அதே ஹர்மன்ப்ரீத். இந்தத் தடவை கால் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

ஆர்த்தி_கோச்
28 நவம்பர் 2025, மாலை 4:10

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவ நான், அதனால பேட்டிங் விஷயத்துல ஒரு வார்த்தை.

தீப்தி ஓபனிங் ஆடியிருக்காங்க, மூணாவதா இறங்கியிருக்காங்க, ஏழு வரைக்கும் எல்லா இடத்துலயும் ஆடியாச்சு. ஒரு பேட்டரை இப்படி ஏணி மாதிரி ஏத்தி இறக்கினா அவங்களுக்குன்னு ஒரு பாணி எப்படி வரும்? ஓபனிங்ல கத்துக்கிட்ட ஆட்டம் வேற: ஃபீல்டர்கள் உள்ள நிக்கிறாங்க, புதுப் பந்து, அம்பது ஓவர் நேரம் கையில இருக்கு. ஆறாவது இடத்துல ஒண்ணு 40 ரன்னுக்கு 4 விக்கெட் போனப்போ (40/4) வரணும், இல்ல 220/4ல வரணும். ரெண்டும் ஒரே வேலையில்ல. இந்திய அணி அவங்களை வெச்சிருந்தது பெரும்பாலும் முதல் வேலைக்கு. விழுந்தா தாங்குறதுக்கு. 2020 டி20 உலகக் கோப்பை முதல் ஆட்டம், சிட்னி, ஆஸ்திரேலியா: 132 எடுத்தோம், அதுல இவங்க 49 நாட் அவுட். பூனம் யாதவ் பந்துல ஜெயிச்சோம்னு எல்லாருக்கும் தெரியும், அந்த 132 எப்படி வந்ததுன்னு கேட்டா முழிப்பாங்க. மெல்போர்ன் ஃபைனல்ல மொத்த அணியும் சரிஞ்சப்போ அதிகபட்சம் 33, அதுவும் இவங்கதான்.

இந்த வருஷம் மாற்றம் கண்ணுக்குத் தெரியுது. ஜூலைல சவுத்தாம்ப்டன்ல 259 துரத்தும்போது 64 பந்துல 62 நாட் அவுட். லாரன் பெல் பந்தை ஒத்தக்கையில சிக்ஸ் அடிச்சாங்களே, அந்த ஆட்டம். ஆஸ்திரேலியாவோட அரையிறுதியில 17 பந்துல 24. ஃபைனல்ல 171/3ல வந்து கடைசிப் பந்து வரைக்கும் நின்னாங்க. 58 பந்துல 58 கேட்க மெதுவாத்தான் இருக்கும். மறுமுனையில ரிச்சா பயமில்லாம வீச முடிஞ்சது எதனால?

என்கிட்ட வர்ற பிள்ளைகள்ல பாதிப் பேர் “அக்கா, நான் ஆல்ரவுண்டர்”னுதான் அறிமுகம் பண்ணிக்கும். நெட்ஸ்ல பேட்டிங் முடிஞ்சதும் பேடைக் கழட்டிட்டு நிழலைத் தேடும். ஆல்ரவுண்டர்னா ரெண்டு ஆளோட பயிற்சிய ஒரு ஆள் செய்யணும்னு சொன்னா மூஞ்சி சுருங்குது.

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, மாலை 4:35

ஆர்த்தி மேடம், இடம் மாத்தி மாத்தி இறக்கினதை நான் ஒத்துக்கறேன். டி20க்கு என்ன பதில்?

ஆர்த்தி_கோச்
28 நவம்பர் 2025, மாலை 4:52

டி20ல அவங்க பௌலர் சார், பேட்டிங் போனஸ். இந்தியாவுக்காக டி20ல முதல்ல 100 விக்கெட் தொட்டது யாரு? 2023 பிப்ரவரி, கேப்டவுன், இவங்கதான். பும்ராவோ சஹாலோ இல்ல. அப்புறம் இங்கிலாந்து லீக்கான ஹண்ட்ரட், 2024 ஃபைனல், லார்ட்ஸ்: மூணு பந்துல நாலு ரன் வேணும், ஹேலி மேத்யூஸ் பந்தைத் தூக்கி சிக்ஸ். லண்டன் ஸ்பிரிட்டுக்குக் கோப்பை. அடிக்கத் தெரியாதுன்னு சொல்லாதீங்க.

மதுரை_மல்லி
28 நவம்பர் 2025, மாலை 6:00

லார்ட்ஸ்னு வந்துட்டதால கேக்குறேன், பந்து போடாமலே மறுமுனை ஸ்டம்பைத் தட்டி இங்கிலாந்தோட சார்லி டீனை தீப்தி ரன் அவுட் ஆக்கினதை ஏன் யாரும் தொடல? எனக்கு அதுதான் ஒரு மாதிரி இருக்கு. 24 செப்டம்பர் 2022, ஜூலனோட கடைசி ஆட்டம். அந்தப் பொண்ணு 47 அடிச்சுப் போராடி, கடைசி ஜோடியா 35 ரன் சேர்த்திருக்கு. அழுதுச்சு பாவம்.

சேப்பாக்கம்_ஜே_ஸ்டாண்ட்
28 நவம்பர் 2025, மாலை 6:20

அழுதது பாவம்தான் மல்லி, இல்லேங்கல. ஆனா டீன் பந்து வர்றதுக்கு முன்னாடியே கிரீஸை விட்டுப் போனாங்க. எச்சரிச்சோம்னு தீப்தி சொன்னாங்க, அப்படி எதுவும் நடக்கலன்னு இங்கிலாந்தோட ஹெதர் நைட் மறுத்தாங்க. எச்சரிக்கணும்னு விதியே கிடையாது, அதனால அந்தச் சண்டையில எனக்கு ஆர்வம் இல்ல. கிரிக்கெட் விதிகளை எழுதுற எம்சிசியே நடுவர்கள் செஞ்சது சரின்னுதான் சொல்லுச்சு. ஒரு வாரம் கழிச்சு, அக்டோபர் 1லேர்ந்து, ஐசிசி அதை முறையற்ற ஆட்டம்ங்கிற பிரிவுல இருந்து தூக்கி சாதாரண ரன் அவுட் பிரிவுல போட்டுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி ட்விட்டர்ல ட்ரெண்ட் ஆனது நம்ம அஸ்வின் பேரு! 2019 ஜெய்ப்பூர்ல பட்லரை எடுத்ததால. இன்னைக்கு ஹீரோ வேற ஒருத்தர், என்னை ஏன் இழுக்கறீங்கன்னு அவரே கேட்டார். இன்னொண்ணு: அந்த ஆட்டத்துல இந்தியா மொத்தமே 169. அதுல 68 நாட் அவுட் தீப்தி. நாம ஜெயிச்சது 16 ரன்ல. அந்த 68ஐ யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

மதுரை_மல்லி
28 நவம்பர் 2025, மாலை 6:31

விதி சரிதான் அண்ணா. எனக்குப் பிடிக்கலங்கிறதும் சரிதான் 🙂

நெல்லை_ஆஃப்ஸ்பின்
28 நவம்பர் 2025, இரவு 8:15

மல்லிக்கு ஒரு நல்ல எறிதல் கதை சொல்லுதேன், மனசு ஆறட்டும். ஆக்ராவுல தீப்தி சின்னப் பிள்ளையா இருக்கும்போது அண்ணன் சுமித்தோட பயிற்சியப் பாக்க மைதானத்துக்குப் போவாங்களாம். ஒரு நாள் பந்து உருண்டு இவங்க பக்கம் வந்திருக்கு. எடுத்து எறிஞ்சதுல ஸ்டம்புல நேரா போய் விழுந்துச்சு. பாத்துக்கிட்டு நின்னவங்க ஹேமலதா கலா, இந்தியாவுக்கு ஆடினவங்க, பின்னாடி தேர்வுக் குழுத் தலைவரா இருந்தவங்க. இந்தப் பிள்ளைய கிரிக்கெட்ல சேத்து விடுங்கன்னு சொன்னாங்களாம். ஆரம்பத்துல மீடியம் பேஸ்தான் போட்டிருக்காங்க, அப்புறம்தான் ஆஃப்ஸ்பின். இப்ப உத்தரப் பிரதேசப் போலீஸ்ல டிஎஸ்பி வேற. டீனைப் பிடிச்சது உத்தியோகத்துக்கு முன்னாடி பாத்த டியூட்டி!

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, இரவு 8:40

😂 சரி, இதுக்காக ஒரு லைக்.

ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. 3.2 கோடிக்கு யுபி அவங்களை எங்க இறக்கப் போறாங்க?

ஸ்கோர்புக்_சீனு
28 நவம்பர் 2025, இரவு 9:05

யுபிக்காக 2024 மார்ச் 8 டெல்லி ஆட்டம் ஞாபகம் இருக்கா? 59 ரன், ஹாட்ரிக்கோட 4/19, ஒரு ரன் வெற்றி. மூணாவதோ நாலாவதோ இறக்கி 15 ஓவர் நிக்கச் சொல்லணும். ஃபினிஷர் வேலைக்கு வேற ஆள் பார்க்கட்டும்.

எனக்கு டபிள்யூபிஎல்லை விட மார்ச் மாசம் பெர்த்துல ஆஸ்திரேலியாவோட வர்ற பகலிரவு டெஸ்ட்தான் முக்கியம். இதுவரைக்கும் அவங்க ஆடினதே அஞ்சு டெஸ்ட். முதல் நாலுலயும் ஒவ்வொரு அரைசதம்: பிரிஸ்டல் 54, கராரா 66, டிஒய் பாட்டீல் 67, வான்கடே 78. கராரா ஆட்டமும் பகலிரவுக்குப் போடுற பிங்க் பந்துதான், எதிரணியும் இதே ஆஸ்திரேலியாதான். ஸ்ட்ரைக் ரேட்டை யாரும் கேக்காத ஆட்டத்துல இவங்க யாருன்னு அங்க தெரியும்.

சேப்பாக்கம்_ஜே_ஸ்டாண்ட்
28 நவம்பர் 2025, இரவு 9:22

அஞ்சாவது டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்துல, 2024 ஜூன் கடைசியில. ஷஃபாலி 205, ஸ்மிருதி 149, மொத்தம் 603/6 டிக்ளேர். ஸ்னே ராணா 8/77. நான் போயிருந்தேன். இவ்வளவு பேர் அடிச்சு முடிச்சப்புறம் தீப்திக்கு பேட் பிடிக்கப் பெருசா வேலை இல்ல. பெர்த்ல அஞ்சாவதா இறக்கணும்னு நான் சொல்லுவேன்.

பருத்தித்துறைக்காரன்
28 நவம்பர் 2025, இரவு 9:40

நாலாவதா இறக்குங்கோ. டெஸ்ட் எங்களோட இல்லைத்தானே, எங்களுக்கென்ன 😀

கோவை_கூக்ளி
28 நவம்பர் 2025, இரவு 9:51

டெஸ்ட்டுக்கு நாலு, அஞ்சு எங்க வேணாலும் இறக்குங்க, நான் கேக்கவே மாட்டேன். டி20ல அஞ்சாவதா வந்தாங்கன்னா இதே இழையை மேல தூக்கிக் கொண்டு வருவேன், மாடரேட்டர் பூட்டு போடாம இருந்தா சரி.